பூட்டுக்குப் பதிலா ஒரு கணக்கு

அட்லாண்டாவுல ஆறு ரோபோ, நான் எழுதின புரோகிராமைப் படிச்சு வட்டம் போட்டிருக்கு!

அமெரிக்கா பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல. பாஸ்போர்ட் எக்ஸ்பயரி ஆகி பீரோவுல கிடக்கு. ஆனா அங்க ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டி லேப்ல, வெள்ளைத் தரையில, ஆறு குட்டி வண்டி ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு சுத்துது. சுத்த வெச்சது என் லேப்டாப்புல இருந்து போன ஒரு பைத்தான் ஃபைல். பத்து பைசா வாங்கல.

வீட்டுல வீடியோவைக் காட்டினேன். கடைசி வரைக்கும் பொறுமையாப் பார்த்துட்டு, "சரி, சுத்துது. அப்புறம்?"னாங்க.

அந்த அப்புறத்தைத்தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல அந்த லேப். பேரு ரோபோடேரியம். 2017 ஆகஸ்ட்ல திறந்தாங்க. அமெரிக்க அரசோட தேசிய அறிவியல் அறக்கட்டளையும், கடற்படையோட ஆராய்ச்சிப் பிரிவும் கொடுத்த காசு, 25 லட்சம் டாலர். பின்னாடி நின்னவர் மேக்னஸ் எகர்ஸ்டெட்னு ஒரு புரொஃபஸர். கோர்சேராவுல 2013 வாக்குல 'கன்ட்ரோல் ஆஃப் மொபைல் ரோபோட்ஸ்'னு ஒரு கோர்ஸ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதே ஆளுதான். (நானும் அதைப் பார்த்தேன். பம்பு கம்பெனியில மெஷினை ஓட்டுற பிஎல்சி புரோகிராம் எழுதுறவனுக்கு அது எதுக்குன்னு கேக்காதீங்க. நைட் ஷிஃப்ட்ல லைன் ஒழுங்கா ஓடுச்சுன்னா வேற என்ன பண்ணுறது?) 2021ல அவர் கலிஃபோர்னியாவுக்கு, இர்வைன் யுனிவர்சிட்டிக்கு டீனாப் போயிட்டார். அவர் போனாலும் லேப் அட்லாண்டாவுலயே ஓடுச்சு.

அவங்க யோசிச்சது இதுதான். கூட்டமா வேலை செய்யுற ரோபோக்களை ஆராய்ச்சி பண்ணணும்னா ஒண்ணு ரெண்டு வண்டி பத்தாது. இருபது வேணும். ஓட இடம் வேணும், மேல கேமரா வேணும், பேட்டரியைப் பார்த்துக்க ஆள் வேணும். இவ்வளவும் வெச்சிருக்கிற இடம் உலகத்துலயே கொஞ்சம்தான். மத்தவங்க கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல புள்ளிகளை ஓட விட்டுப் பேப்பர் எழுதிக்கிட்டு இருந்தாங்க. அப்ப ஒரே ஒரு லேபை ஒழுங்காக் கட்டி எல்லாருக்கும் திறந்து விட்டா என்ன? ஸ்கூல் பசங்க அனுப்பலாம், பிஎச்.டி. பண்றவங்க அனுப்பலாம், சும்மா இருக்க முடியாத என்னை மாதிரி ஆளுங்களும் அனுப்பலாம். உலகம் பூரா இருந்து ஆயிரக்கணக்குல பரிசோதனை அங்க ஓடியிருக்கு.

எப்படி அனுப்புறது? சிமுலேட்டரை இலவசமா இறக்கிக்கலாம். பைத்தானுக்கு ஒண்ணு, மேட்லேபுக்கு ஒண்ணு. ஓட்டினா ஸ்க்ரீன்ல ஒரு செவ்வகம் வரும். நீளம் 3.2 மீட்டர், அகலம் 2 மீட்டர், நிஜ மைதானத்தோட அளவு. வண்டி செகண்டுக்கு 20 செ.மீ.க்கு மேல போகாது. 0.033 செகண்டுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு வண்டியும் எங்க நிக்குது, எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு வாங்கி, அடுத்து என்ன வேகத்துல போகணும்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. ஓட்டி முடிச்சதும் ஒரு ரிப்போர்ட் வரும். மோதுச்சா, எல்லையைத் தாண்டுச்சா, மோட்டாரால முடியாத வேகத்தைக் கேட்டீங்களான்னு. ஒரு குத்தமும் இல்லேன்னா, உங்க பரிசோதனையை ஏத்துக்க வாய்ப்பு இருக்குன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி ஆச்சரியக்குறியோட வரும். அந்த வரியைப் பார்க்குற வரைக்கும்தான் பாடு.

(இதுல ஒரு கெடுபிடி உண்டு. வண்டிங்க எங்க நிக்குதுன்னு ஒரு தடவை கேட்டாச்சுன்னா, ஒரு 'ஸ்டெப்' நகர்த்தின பிறகுதான் மறுபடி கேக்கலாம். நடுவுல கேட்டா எர்ரர் அடிச்சு நிறுத்திடும். முதல்ல எரிச்சலா வந்துச்சு. கேட்டா என்ன குறைஞ்சிடப் போகுது? அப்புறம் பார்த்தா நியாயம்தான். நிஜத்துல, அந்த நேரத்துக்கு வண்டி இருக்கிறது ஒரே இடத்துலதானே!)

சிமுலேட்டர்ல தேறினதும், எத்தனை வண்டி வேணும், எவ்வளவு நேரம் ஓடும்னு குறிச்சு ஃபைலை ஏத்திட்டுப் படுத்துக்கலாம். நமக்கு ராத்திரி, அவங்களுக்குப் பகல். நம்ம முறை வரும்போது ஓடி, வீடியோவும் டேட்டாவும் வந்து சேரும்.

இப்ப வட்டம்.

ஆறு வண்டி. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு உத்தரவு: உனக்கு அடுத்த நம்பர்க்காரனைப் பார்த்துப் போ. ஒண்ணு ரெண்டைப் பார்த்து, ரெண்டு மூணைப் பார்த்து, கடைசியில ஆறு ஒண்ணைப் பார்த்து. அறுகோணமா நிறுத்தி இதை மட்டும் சொன்னீங்கன்னா, எல்லாம் சுருண்டு சுருண்டு நடுவுல வந்து குவிஞ்சிடும்.

இப்ப உத்தரவைக் கொஞ்சம் மாத்துங்க. நேரா அவனைப் பார்த்துப் போகாதே, 30 டிகிரி வெளிப்பக்கமா ஒதுங்கிப் போ. (180ஐ ஆறால வகுத்தா 30.) அவ்வளவுதான், குவியறது நின்னுபோய் வட்டம் வந்துடும். 29 டிகிரின்னா மெல்ல மெல்ல உள்ள சுருளும். 31ன்னா மெல்ல வெளிய விரியும். சரியா 30க்கு மட்டும் வட்டம்.

எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஆறுல ஒண்ணுக்குக்கூட வட்டத்தோட மையம் எங்க இருக்குன்னு தெரியாது. வட்டம் போடுறோம்னே தெரியாது! பக்கத்து ஆளை மட்டும்தான் தெரியும். வட்டம் தானா வருது.

ஆனா மயிரிழையில நிக்குற இந்த 30 டிகிரி, பேப்பர்ல நிக்கும், தரையில நிக்காது. நிஜ மோட்டார் ஒண்ணு கொஞ்சம் வேகமா இருக்கும், ஒண்ணு சோம்பேறியா இருக்கும். சக்கரம் வழுக்கும். அதனால கோணத்தை அப்பப்ப திருத்திக்கிட்டே இருக்கணும். முன்னாடி போறவன் ரொம்பத் தள்ளிப் போயிட்டானா? கோணத்தைக் குறை, உள்ள வா. ரொம்ப நெருங்கிட்டானா? கூட்டு, வெளிய போ. ஆறு வண்டிக்கு இடைவெளி எவ்வளவுன்னு கணக்குப் போட பத்தாங்கிளாஸே போதும். வட்டத்துக்குள்ள வரைஞ்ச ஒழுங்கு அறுகோணத்துல பக்கமும் ஆரமும் ஒண்ணு. 60 செ.மீ. ஆரம்னா 60 செ.மீ. இடைவெளி. (ஸ்கூல்ல காம்பஸ்ஸைத் திறந்த அளவு மாத்தாம ஆறு தடவை வெட்டிப் பூ வரைவோமே, அதேதான்.)

இன்னொரு சிக்கல். இந்த வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். முன்னாடி போகும், பின்னாடி போகும், திரும்பும். பக்கவாட்டுல நகராது. ஆனா நம்ம கணக்கு 'இந்தத் திசையில போ'ன்னு சொல்லும், அந்தத் திசை பக்கவாட்டாவும் இருக்கலாம். இதுக்கு ஒரு அழகான தந்திரம் வெச்சிருக்காங்க. வண்டியோட மையத்தை விட்டுடு. மையத்துக்கு 5 செ.மீ. முன்னாடி மூக்கு மேல ஒரு புள்ளி இருக்கிறதா நினைச்சுக்கோ. அந்தப் புள்ளியை எந்தத் திசையில வேணும்னாலும் நகர்த்த முடியும்! நேரா போனா முன்னாடி போகும், வண்டி திரும்பினா பக்கவாட்டுல போகும். ரெண்டையும் கலந்தா எல்லாத் திசையும் கைக்கு வந்துடும். மூக்கை நம்ம பிடிச்சுக்கிட்டா மத்தது தானா பின்னாடி வந்துடும். இதைப் படிச்சப்போ ஒரு நிமிஷம் எழுந்து ஹால்ல நடந்துட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

வீடியோவுல பார்க்க வேண்டியது வட்டம் மட்டும் இல்ல. அதுக்கு முந்தின நிமிஷத்தைப் பாருங்க. ஓரத்துல வண்டிங்க வரிசையா சார்ஜ் ஏறிக்கிட்டு நிக்கும். வயர் கிடையாது, அந்த இடத்துல போய் நின்னாப் போதும், ஏறும். பேர் கூப்பிட்ட ஆறு மட்டும் கிளம்பி வெளிய வரும். ஒவ்வொண்ணும் தலை மேல சின்னச் சின்னக் குண்டுமணி அளவு உருண்டைகளைச் சுமந்துக்கிட்டு வரும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற உருண்டைங்க. ஒவ்வொரு வண்டிக்கும் உருண்டைகளோட அமைப்பு வேற வேற. மேல இருக்கிற கேமரா அதை வெச்சுத்தான் யாரு எவருன்னு கண்டுபிடிக்கும். என் வீடியோவுல ஒரு வண்டி கிளம்பும்போது லேசா உதறிட்டு, அப்புறம் நிதானமா தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. மத்த அஞ்சும் அது வர்ற வரைக்கும் அப்படியே நின்னுச்சு. முடிஞ்சதும் தானாவே சார்ஜருக்குத் திரும்பிப் போயிடும். யாரும் கையில தூக்கல.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு விலாவாரியாச் சொல்றேன்னா, போன மாசம் வேற ஒரு ரோபாட்டிக்ஸ் லேபைப் பார்த்தேன். பேர் வேணாம். அக்கா பையன் மெகாட்ரானிக்ஸ் மூணாம் வருஷம் படிக்கிற காலேஜ். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அக்காவால வர முடியல, மாமன் போனேன்.

நுழைஞ்சதுமே போர்டு: ரோபாட்டிக்ஸ் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி ஆய்வகம். கீழ திறந்து வெச்சவர் பேரோட கல்வெட்டு. அதுக்கும் கீழ பூட்டு. சாவி ஹெச்ஓடி ரூம்ல. ஹெச்ஓடி மீட்டிங்ல.

கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். உள்ள ஒரு ஆறு அச்சு ரோபோ கை, மேல பிளாஸ்டிக் கவர் போர்த்தி நிக்குது. பக்கத்துல அதை ஓட்டுற டீச் பென்டன்ட் தொங்குது. அதோட ஸ்க்ரீன்ல ஒட்டி வந்த பாலிதீன்கூட இன்னும் உரிக்கல.

"டேய், இதை நீ ஓட்டியிருக்கியா?"

"டெமோ காட்டினாங்க மாமா. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தோம். அப்புறம் ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சோம்."

"படமா?"

"ஆமா மாமா. லேபிள் எல்லாம் போட்டு."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. லேப் இன்சார்ஜைப் போய்ப் பிடிச்சேன். நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்னுதான் போனேன். ஆனா மனுஷன் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வெச்சு அவர் கதையைச் சொன்னார். அந்தக் கை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல அவர் கையெழுத்துல ஏறியிருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பு. கிரிப்பர் உடைஞ்சா யாரு எவருன்னு எழுதிக் கொடுக்கணும். சர்வீஸ் இன்ஜினியர் சென்னையில இருந்து வரணும், வந்தாலே பில் போடுவார், அந்தப் பில்லுக்கு மூணு கொட்டேஷன் கேப்பாங்க. ஒரே கம்பெனி பண்ணுற வேலைக்கு மூணு கொட்டேஷனுக்கு எங்க போறது?

"அறுபது பசங்க சார் ஒரு பேட்ச்சுக்கு. ஒருத்தன் கையை டேபிள்ல கொண்டு போய் இடிச்சுட்டான்னா முடிஞ்சுது. இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வர்ற அன்னிக்கு இது ஓடணும். எனக்கு அதான் சார் டார்கெட்."

இதுக்கு மேல அவர்கிட்ட என்ன சண்டை போடுறது? டீ நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்.

எங்க கம்பெனியிலயும் ரோபோ கை இருக்கு. சுத்தி மஞ்சள் வேலி. வேலிக் கதவைத் திறந்தா இன்டர்லாக் விழுந்து கை அப்படியே நின்னுடும். அந்த வேலி, ரோபோகிட்ட இருந்து மனுஷனைக் காப்பாத்த. காலேஜ் பூட்டு, மனுஷன்கிட்ட இருந்து ரோபோவைக் காப்பாத்த. தலைகீழ்.

ஆனா அந்த இன்சார்ஜ் சாரோட பயம் பொய் இல்ல. முன்னப் பின்ன தெரியாத கையில விலையுள்ள சாமானை எப்படிக் கொடுக்குறது? இதே கேள்வி அட்லாண்டாவுலயும் இருந்திருக்கும், இன்னும் மோசமா. இவருக்காவது பசங்க முகம் தெரியும். அவங்களுக்கு எந்த ஊர்ல இருந்து, எந்த வயசு ஆளு, என்ன கோடு அனுப்பப் போறான்னே தெரியாது. வேணும்னே மோத விடுற ஆளும் இருப்பான். அவங்க பூட்டுப் போடல. கணக்குப் போட்டாங்க.

அதுக்குப் பேரு பேரியர் சர்டிஃபிகேட். லி வாங், ஆரன் ஏம்ஸ், எகர்ஸ்டெட் மூணு பேரும் 2017ல இதைப் பத்தி எழுதின பேப்பர் இந்தத் துறையில பிரபலம். நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் சொல்றேன்.

ஒவ்வொரு ஸ்டெப்புலயும் நீங்க கேக்குற வேகங்கள் நேரா மோட்டாருக்குப் போகாது. நடுவுல ஒரு வடிகட்டி. அது எல்லா ஜோடியையும் பார்க்கும்: ஒண்ணாம் வண்டியும் ரெண்டாம் வண்டியும், ஒண்ணும் மூணும், இப்படி. இவன் சொன்னபடி போனா இந்த ரெண்டும் மோதுற நிலைமைக்குப் போகுமா? போகாதுன்னா உங்க உத்தரவை அப்படியே விட்டுடும், கை வைக்காது. போகும்னா, நீங்க கேட்ட வேகத்துக்கு எவ்வளவு கிட்டத்துல ஒரு பாதுகாப்பான வேகம் இருக்குன்னு தேடி, அதைக் கொடுக்கும். முடிஞ்சவரைக்கும் உங்க இஷ்டம், முடியாத இடத்துல மட்டும் ஒரு சின்னத் திருத்தம்.

இதுல சூட்சுமம் என்னன்னா, மோதப் போற கடைசி நொடியில பிரேக் அடிக்கிற வேலை கிடையாது. தூரமா இருக்கும்போது எவ்வளவு வேகமா வேணும்னாலும் நெருங்கலாம். கிட்ட வர வர, நெருங்க விடுற வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும். எல்லையில போய்ச் சேரும்போது பூஜ்யம். அதனால ஒண்ணை ஒண்ணு தொடாதுன்னு கணக்குலயே நிரூபிச்சுக் காட்டியிருக்காங்க. நான் பிஎல்சியில இன்டர்லாக் எழுதுறவன். என் இன்டர்லாக்குக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை: ஓடு, நில்லு. இது பேசுறது வேற மொழி. பொறாமையா இருக்கு.

குறையே இல்லையான்னா, இருக்கு. ரெண்டு வண்டி நேருக்கு நேர் வந்து, இவனுக்கு அந்தப் பக்கம் போகணும், அவனுக்கு இந்தப் பக்கம் போகணும்னு வெச்சுக்கோங்க. வடிகட்டி ரெண்டு பேரையும் மோத விடாது. ரெண்டு பேரும் ஒதுங்கவும் மாட்டாங்க. கல்யாணப் பந்தியில 'நீங்க உட்காருங்க', 'அட நீங்க உட்காருங்க'ன்னு ரெண்டு சம்பந்தியும் நின்னுக்கிட்டே இருப்பாங்களே, அந்தக் கதைதான். இலை காலியாவே கிடக்கும். பாதுகாப்பு நூத்துக்கு நூறு, வேலை நடக்கல. இந்த முட்டுக்கட்டையை எப்படி எடுக்குறதுன்னே தனியா ஆராய்ச்சி நடக்குது.

கணக்கைத் தவிர மத்ததும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. நீங்க அனுப்பின கோடை அவங்க முதல்ல சிமுலேட்டர்ல ஓட்டிப் பார்ப்பாங்க, தேறாததை வண்டி மேல ஏத்த மாட்டாங்க. வண்டியையும் உடைஞ்சா அழ வேண்டாத விலையில செஞ்சாங்க. முதல் மாடல் 3 செ.மீ. தான் அகலம், உதிரிபாகச் செலவு சுமார் 50 டாலர். இப்ப ஓடுறது அதைவிடப் பெருசு, 11 செ.மீ. வாக்குல. கூட்டமா ஓட விட்டு ஆராய்ச்சி பண்ண வந்தவங்க, சார்ஜ் எப்படி ஏத்துறதுங்கறதுக்கே இவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க பாருங்க, எனக்கு அதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. ராத்திரி யாரும் இல்லாதப்போ பேட்டரி தீர்ந்து ஒரு வண்டி நடு மைதானத்துல நின்னுட்டா அந்த லேப் அன்னிக்கு அவ்வளவுதான்!

ஆராய்ச்சி ரோபோன்னாலே பளபளன்னு இருக்கணும்னு ஒரு நினைப்பு நம்ம ஊர்ல எப்படியோ வந்துடுச்சு. ரிசப்ஷன்ல நின்னு வணக்கம் சொல்லணும், ரோஜாப்பூ நீட்டணும். ஆனா ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு வண்டி இருந்துச்சு. ஸ்டான்ஃபோர்ட் கார்ட்னு பேரு. சைக்கிள் சக்கரம் மாதிரி நாலு சக்கரம், மேல ஒரு பலகை, அதுக்கு மேல ஒரு கேமரா. 1979ல ஹான்ஸ் மோராவெக்ங்கிற மாணவர் அதை நாற்காலி போட்ட ஒரு ரூமுக்குள்ள விட்டார். யாரும் ஓட்டாம, நாற்காலியை எல்லாம் தானே பார்த்து ஒதுங்கி, அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துச்சு. தூரம் 20 மீட்டர் வாக்குல. எடுத்துக்கிட்ட நேரம் சுமார் 5 மணி நேரம்! ஒரு மீட்டர் போகும், நிக்கும், கேமராவைப் பக்கவாட்டுல நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்கும், பத்து பதினஞ்சு நிமிஷம் யோசிக்கும், மறுபடி ஒரு மீட்டர். இதை நம்ம கமிட்டி முன்னாடி ஓட்டியிருந்தா லஞ்சுக்குப் போயிருப்பாங்க.

அதே 1979லதான் பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டி ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பிச்சாங்க. முதல் டைரக்டர் யாருன்னு நினைக்கிறீங்க? ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக்காரர். 1958ல நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் முடிச்சவர்! 1994ல டூரிங் விருது வாங்கினார். அவர் டைரக்டரா இருந்த காலத்துல, 1984ல, அங்க ரெட் விட்டேக்கர் குழு செஞ்ச ஒரு வண்டியை த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையோட அடித்தளத்துக்குள்ள இறக்கினாங்க. விபத்துக்கு அப்புறம் மனுஷன் கால் வைக்க முடியாம இருந்த இடம். கதிரியக்க அழுக்கு அப்பும்னு தெரிஞ்சே அனுப்பின வண்டி அது. அந்த வண்டிக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிருந்தா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

சரி, இவ்வளவு புகழ்ந்துட்டேன், இப்ப கொஞ்சம் எதிர்ப்பாட்டு.

அட்லாண்டா லேப்ல கத்துக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு: உடைக்கிறது. அங்க எதையும் மோத விட முடியாது, அதுக்குத்தானே அந்தக் கணக்கே. ஸ்க்ரூ லூஸாகி சக்கரம் ஆடுறது, கனெக்டரைத் தலைகீழா மாட்டி ரெகுலேட்டர் கருகுற வாசனை, பேட்டரி வோல்டேஜ் இறங்கினதும் வண்டிக்குப் புத்தி கெடுறது, எதுவும் உங்க கண்ணுல படாது. அதையெல்லாம் வேற யாரோ உங்களுக்காகப் பார்த்துக்கிட்டாங்க. பிஎல்சி எழுத வர்ற புதுப் பசங்ககிட்ட நான் பார்க்குறது இதைத்தான். புரோகிராம் சூப்பரா எழுதுவாங்க. சென்சார் மேல எண்ணெய் படிஞ்சிருக்குன்னு அவங்களுக்குத் தோணவே தோணாது.

அதுக்கு வேற மாதிரி லேப் வேணும். அமெரிக்காவோட எம்ஐடியில 2016ல டக்கிடவுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தானே ஓடுற கார் எப்படி வேலை செய்யுதுங்கிற பாடம். கார் வாங்கல. ராஸ்பெர்ரி பை, ஒரே ஒரு கேமரா, ரெண்டு மோட்டார் வெச்சு ஆளுக்கு ஒரு பொம்மை வண்டி. தரையில ஃபோம் பாய், அது மேல டேப் ஒட்டி ரோடு. ரோட்டுல பயணிகளும் பாதசாரிகளும் யாருன்னா, குழந்தைங்க குளிக்கும்போது வெச்சு விளையாடுற மஞ்சள் ரப்பர் வாத்து! வாத்து மேல ஏத்திட்டா ஒண்ணும் ஆகாது, வாத்தை நிமித்தி வெச்சுட்டுப் புரோகிராமைத் திருத்தலாம். சூரிச், மான்ட்ரியல்னு பல யுனிவர்சிட்டியில இப்ப இதை நடத்துறாங்க. டேப்பு மேல ட்யூப் லைட் பளபளத்தா மஞ்சள் கோடு வெள்ளையாத் தெரிஞ்சு வண்டி எதிர் லேனுக்குப் போயிடும். எந்தப் பாடப் புத்தகமும் அதை இவ்வளவு நல்லாச் சொல்லிக் கொடுக்காது.

நம்ம நாட்டுலயும் சும்மா இல்ல. மும்பை ஐஐடியோட இ-யந்த்ரா திட்டம் நாடு பூரா காலேஜ்கள்ல ரோபோ லேப் அமைக்க உதவுது. அதுல எனக்குப் பிடிச்ச அம்சம், முதல்ல வாத்தியார்கள் நாலு பேர் டீமாச் சேர்ந்து ரோபோவை ஓட்டிக் காட்டணும். பசங்களுக்கு அப்புறம்தான். கை அழுக்கான வாத்தியார் லேபைப் பூட்ட மாட்டார்னு ஒரு நம்பிக்கை போல. (பூட்டுறவங்களும் இருக்கலாம். ஸ்டாக் ரெஜிஸ்டர் யாரை விட்டுச்சு?)

ஆகவே என் கட்சி இது. அந்த ஆறு அச்சுக் கையைப் பூட்டியே வெச்சுக்கோங்க, பரவாயில்ல. அது பக்கத்துல, ரெஜிஸ்டர்ல 'நுகர்பொருள்'னு எழுதி, உடைஞ்சா கேள்வி கேக்காத பத்து பொம்மை வண்டியை வாங்கிப் போடுங்க. சாக்பீஸ் எந்தக் கணக்குல போகுதோ அந்தக் கணக்குல போகட்டும். கூட்டமா ஓட்டிப் பார்க்கணும்னா அட்லாண்டாவுக்கு அனுப்புங்க. ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு லேப்.

அக்கா பையனுக்கு வீடியோவைக் காட்டினப்போ வாயைப் பொளந்துட்டான். "மாமா, இதையே மினி புராஜெக்ட்டாப் பண்ணிடவா?" பண்ணுடான்னேன். முதல்ல சிமுலேட்டர்ல வர்ற உதாரணங்களை ஒண்ணு விடாம ஓட்டிப் பாரு, அப்புறம் ஒண்ணை எடுத்து ஒரு எண்ணை மட்டும் மாத்து, எதனால கெட்டுச்சுன்னு பாருன்னு சொன்னேன். ரெண்டு வாரத்துல எட்டு வண்டியை வெச்சு வட்டம் போட்டுட்டான். (எட்டுக்குக் கோணம் எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கோங்க.) டேட்டாவை எடுத்து, சிமுலேட்டர்ல வந்த பாதையையும் நிஜத்துல வந்த பாதையையும் ஒண்ணு மேல ஒண்ணு வரைஞ்சு, எங்கெங்க பிரியுதுன்னு காட்டியிருந்தான். உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. நான் சொல்லிக் கொடுக்கல அதை.

ரிவ்யூவுல முதல் கேள்வி: "மாடல் எங்கப்பா?"

அட்லாண்டாவுல இருக்கு சார்னு சொல்லியிருக்கான். ரூமே சிரிச்சிருக்கு. ஹார்டுவேர் புராஜெக்ட்டுன்னா ஹார்டுவேர் டேபிள் மேல இருக்கணும்ப்பான்னு ஒருத்தர். வீடியோ நிஜமான்னு நாங்க எப்படி நம்புறதுன்னு இன்னொருத்தர். இவன் விடல. அந்த ரெண்டு பாதைப் படத்தைப் போட்டு, சக்கரம் வழுக்கின இடத்தை விரலை வெச்சுக் காட்டி, சிமுலேட்டர் வழுக்காது சார்னு சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசலையாம். மார்க் போட்டுட்டாங்க.

ரிவ்யூ முடிஞ்சு வெளிய வந்தவனைக் காரிடார்ல ஹெச்ஓடி கூப்பிட்டு நிறுத்தியிருக்கார். திட்டப் போறார்னு இவனுக்கு வயித்தைக் கலக்கியிருக்கு. அவர் குரலைத் தாழ்த்திக்கிட்டுக் கேட்டாராம்:

"தம்பி, அந்த லேப்ல மொத்தம் எத்தனை ரோபோ? அடுத்த மாசம் கமிட்டி வருது. நம்ம எக்யூப்மென்ட் லிஸ்ட்ல சேர்த்துக்கலாமா?"